கூடாரத்துக்குள் ஒரு மஷூரா

குர்ஆன் மத்ரஸாவில் சின்ன வயதில் பாடமாக்கிய ஹதீஸ்களில் சாப்பாட்டு ஒழுக்கத்தைப் பற்றிய ஹதீஸும் ஒன்று. நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்த ஒரு சிறுவனின் கை, சாப்பாட்டுத் தட்டில் அங்குமிங்கும் ஓடியது. பிஸ்மில்லாஹ் சொல்லும்படியும், வலக்கையால் சாப்பிடும்படியும், தனக்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துச் சாப்பிடும்படியும் நபியவர்கள் அந்தப் பிள்ளைக்கு அன்பாகச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்றும் சஹனைச் சுற்றி உட்காரும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் இதைத்தான் பிள்ளைகளுக்கு ஞாபகப்படுத்துகிறார்கள். அந்தச் சிறுவனின் பெயர் உமர் இப்னு அபீ ஸலமா. பாடமாக்கிய நாட்களில் நான் அந்தக் கையை நினைத்துச் சிரித்ததோடு சரி. அந்தப் பிள்ளையின் உம்மா யார் என்று கேட்கத் தோன்றியது உயர்தர வகுப்புக்கு வந்து இஸ்லாமிய நாகரிகம் படிக்கத் தொடங்கிய பிறகுதான்.

அந்த உம்மாவின் இயற்பெயர் ஹிந்த். குறைஷியரில் செல்வமும் செல்வாக்கும் மிகுந்த பனூ மக்ஸூம் கோத்திரத்தில் பிறந்தவர்கள். தகப்பனார் அபூ உமையாவுக்குப் பயணிகளின் கட்டுச்சாதம் என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. அவரோடு பிரயாணம் போகிறவர்கள் உணவு எதுவும் கொண்டுபோகத் தேவையில்லை. எல்லோருக்கும் அவரே கொடுப்பார். அப்படிப்பட்ட வீட்டுப் பெண், அதே கோத்திரத்தைச் சேர்ந்த அப்துல்லாஹ் இப்னு அப்துல் அஸதுக்கு மனைவியானார்கள். அவர் நபியவர்களின் மாமி மகன், பால்குடிச் சகோதரரும்கூட. இருவரும் இஸ்லாத்தின் ஆரம்பத்திலேயே ஈமான் கொண்டார்கள். மூத்த மகன் ஸலமாவின் பெயரால் கணவர் அபூ ஸலமா என்றும் மனைவி உம்மு ஸலமா என்றும் அழைக்கப்பட்டார்கள். (ரழியல்லாஹு அன்ஹுமா.)

பனூ மக்ஸூமில் பிறந்து முஸ்லிமாக இருப்பது லேசான காரியமல்ல. அபூஜஹ்லும் அந்தக் கோத்திரத்தவன்தான். குறைஷியரின் கொடுமை தாங்காமல் கடல் கடந்து ஹபஷா நாட்டில் தஞ்சம் புகுந்தவர்களில் இந்தத் தம்பதியினரும் இருந்தார்கள். அங்கே நஜாஷி மன்னரின் சபையில் நடந்தவற்றை இன்று நாம் விரிவாக அறிந்திருப்பதே உம்மு ஸலமா (ரழி) அவர்கள் சொல்லிவைத்த அறிவிப்பின் மூலம்தான். ஜஃபர் (ரழி) அவர்கள் அந்தச் சபையில் ஆற்றிய உரையை எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். அதற்கு முன்னால் நடந்த ஒரு சங்கதியை அவ்வளவாகச் சொல்வதில்லை.

முஸ்லிம்களைத் திருப்பிப் பிடித்துவரக் குறைஷிகள் அனுப்பிய இரு தூதுவர்களும் நேரே மன்னரிடம் போகவில்லை. முதலில் அரசவைப் பிரதானிகள் ஒவ்வொருவரையும் தனித்தனியாகச் சந்தித்துப் பரிசு கொடுத்தார்கள். மன்னர் கேட்கும்போது, அந்த மனிதர்களிடம் ஒன்றும் விசாரிக்காமலே ஒப்படைத்துவிடும்படி ஆலோசனை சொல்ல வேண்டும் என்று பேசி வைத்தார்கள். மன்னர் கேட்டார், பரிசு வாங்கியவர்கள் வாங்கியதற்கு ஏற்றபடி ஆலோசனை சொன்னார்கள். நஜாஷி கோபம் கொண்டு, தம்மை நம்பி வந்தவர்களின் வாய்மொழியைக் கேட்காமல் விட்டுக்கொடுக்க முடியாது என்று மறுத்துவிட்டார். மன்னரின் அழைப்பு வந்ததும் முஸ்லிம்களும் ஒன்றுகூடி என்ன பேசுவது என்று மஷூரா செய்தார்கள். எது வந்தாலும் வரட்டும், நபியவர்கள் கற்றுத்தந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வது என்று முடிவெடுத்தார்கள். விலைக்கு வாங்கப்பட்ட ஆலோசனை ஒரு பக்கம், அல்லாஹ்வுக்குப் பயந்து செய்த ஆலோசனை மறுபக்கம். இரண்டையும் ஒரே நாட்டில் ஓர் இளம்பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு மக்காவுக்குத் திரும்பினார்கள். மதீனாவுக்கு ஹிஜ்ரத் செல்லும் நேரம் வந்தது. அபூ ஸலமா (ரழி) ஒட்டகத்தில் மனைவியையும் குழந்தை ஸலமாவையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது, உம்மு ஸலமாவின் குடும்பத்தார் வழிமறித்தார்கள். நீர் போவதென்றால் போம், எங்கள் பெண்ணை ஊர் ஊராக அலைய விடமாட்டோம் என்று ஒட்டகத்தின் கயிற்றைப் பறித்துக்கொண்டார்கள். அதைக் கேள்விப்பட்ட அபூ ஸலமாவின் குடும்பத்தார், அப்படியானால் எங்கள் பிள்ளையை உங்கள் பெண்ணிடம் விட்டுவைக்க மாட்டோம் என்று வந்து நின்றார்கள். இரு தரப்பும் பிள்ளையை இழுத்ததில் பிஞ்சுக் கை மூட்டிலிருந்து விலகிவிட்டது. கணவர் மதீனாவுக்கும், பிள்ளை கணவரின் உறவினரிடமும், தாய் தன் வீட்டுக்குமாக மூவரும் மூன்று பக்கமானார்கள்.

ஏறத்தாழ ஒரு வருடம், ஒவ்வொரு நாளும் காலையில் அப்தஹ் என்ற வெட்டவெளிக்குப் போய், மாலை மயங்கும்வரை அங்கே உட்கார்ந்து அழுதார்கள். அந்தக் குடும்பத்தில் பெரிய மனிதர்களுக்குக் குறைவே இல்லை. குறைஷியரின் காரியங்களுக்கெல்லாம் யோசனை சொன்னவர்கள் அவர்கள். ஆனால் அந்தப் பெண்ணின் விஷயத்தைத் தீர்மானித்தபோது அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்டவர் யாருமில்லை. கடைசியில் சிறிய தந்தையின் வழியில் வந்த உறவினர் ஒருவர் அவர்களின் நிலையைக் கண்டு மனம் இரங்கி, இந்த ஏழையை ஏன் வதைக்கிறீர்கள் என்று குடும்பத்தாரிடம் பேசிய பிறகுதான் போக அனுமதி கிடைத்தது. பிள்ளையும் திரும்பக் கிடைத்தது. துணைக்கு ஒருவரும் இல்லாமல், மடியில் பிள்ளையுடன், 400 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட பாலைவனப் பாதையில் ஒட்டகத்தை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

தன்ஈம் என்ற இடத்தில் உஸ்மான் இப்னு தல்ஹா எதிரே வந்தார். அவர் அப்போது முஸ்லிம் அல்ல. ஆனாலும் தனியாகப் போகும் ஒரு பெண்ணையும் பிள்ளையையும் விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. ஒட்டகத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குபாவரை நடந்தே வந்தார். தங்கும் இடங்களில் ஒட்டகத்தை மண்டியிட வைத்துவிட்டு விலகிப் போய்விடுவார். அவர்கள் இறங்கிய பின் வந்து ஒட்டகத்தைக் கட்டிவிட்டு, தூரத்தில் ஒரு மர நிழலில் படுத்துக்கொள்வார். குபா தெரிந்ததும், உமது கணவர் இந்த ஊரில்தான் இருக்கிறார் என்று காட்டிவிட்டு வந்த வழியே திரும்பினார். அவரைவிடக் கண்ணியமான ஒரு துணையைத் தாம் கண்டதில்லை என்று உம்மு ஸலமா (ரழி) பிற்காலத்தில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மதீனாவில் அவர்களுக்குக் கிடைத்த நிம்மதி மிகக் கொஞ்சக் காலம். ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு உஹத் யுத்தம் வந்தது. இந்த யுத்தத்துக்கு முன்னால் நபியவர்கள் தோழர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். மதீனாவுக்குள்ளே இருந்து எதிரியைச் சந்திப்பதே நபியவர்களின் விருப்பமாக இருந்தது. பத்ரில் கலந்துகொள்ளக் கிடைக்காத இளைஞர்களோ வெளியே போய்ப் போரிடத் துடித்தார்கள். நபியவர்கள் அவர்களின் கருத்துக்கு இணங்கி வெளியே போனார்கள். 70 ஸஹாபாக்கள் ஷஹீதானார்கள். அபூ ஸலமா (ரழி) அவர்களின் புயத்தில் ஓர் அம்பு பாய்ந்தது. காயம் ஆறியதுபோல் தோன்றியது. சில மாதங்களின் பின் ஒரு படைக்குத் தலைமை தாங்கிப் போய்த் திரும்பியபோது அது மறுபடியும் உடைத்துக்கொண்டது. ஹிஜ்ரி 4இல் அந்தக் காயத்தினாலேயே அவர்கள் வஃபாத்தானார்கள். திறந்திருந்த கண்களை நபியவர்கள் தமது கையால் மூடிவிட்டார்கள்.

எனக்கு இந்த இடத்தில் மனம் நின்றுவிடுகிறது. மஷூரா செய்துதான் உஹதுக்குப் போனார்கள். அதன் முடிவில் இந்தப் பெண் விதவையானார்கள். மனிதர்களின் வழக்கப்படி பார்த்தால், இனி யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை என்றுதான் முடிவெடுத்திருக்க வேண்டும். ஆலு இம்ரான் ஸூரா அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. உஹதைப் பற்றிப் பேசும் வசனங்களுக்கு நடுவில், அந்தத் தோழர்களை மன்னித்துவிடும்படியும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடும்படியும், காரியங்களில் அவர்களுடன் கலந்தாலோசிக்கும்படியும் நபியவர்களுக்குக் கட்டளை வருகிறது. ஆலோசனை கேட்டால் எப்போதும் வெற்றிதான் என்று அல்லாஹ் சொல்லவில்லை. தோற்ற பிறகும் கேள் என்கிறான். வஹீ வந்துகொண்டிருந்த நபிக்கே இந்தக் கட்டளை.

அபூ ஸலமாவும் உம்மு ஸலமாவும் வாழ்ந்த வாழ்க்கையே கலந்து பேசிய வாழ்க்கைதான். ஒருமுறை உம்மு ஸலமா (ரழி), நம்மில் ஒருவர் முந்திப் போனால் மற்றவர் மறுமணம் செய்வதில்லை என்று உறுதி செய்துகொள்வோமா என்று கணவரிடம் கேட்டார்கள். நான் சொன்னால் கட்டுப்படுவீரா என்று அவர் கேட்டார். கட்டுப்படும் எண்ணம் இல்லாவிட்டால் உங்களிடம் யோசனை கேட்டிருப்பேனா என்றார்கள் இவர்கள். அப்படியானால் நான் போனபின் மணமுடித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, தன்னைவிடச் சிறந்த, அவரைக் கவலைப்படுத்தாத ஒருவரைக் கொடுக்கும்படி அபூ ஸலமா அல்லாஹ்விடம் துஆச் செய்தார்கள். எங்களில் அதிகமானோர் முதலில் முடிவெடுத்துவிட்டு, அதற்கு ஆமாம் சொல்ல ஓர் ஆளைத் தேடிக்கொண்டுதான் யோசனை கேட்கப் போகிறோம். உம்மு ஸலமா (ரழி) அப்படிக் கேட்கவில்லை. தமக்கு விருப்பமில்லாத பதில் வந்தபோதும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

துன்பம் வந்தால் இன்னாலில்லாஹ் சொல்லி, இதற்குப் பகரமாக இதைவிடச் சிறந்ததைத் தா என்று கேட்க வேண்டும் என நபியவர்கள் கற்றுக்கொடுத்திருந்தார்கள். உம்மு ஸலமாவும் கேட்டார்கள். கேட்கும்போதே, அபூ ஸலமாவைவிடச் சிறந்தவர் எனக்கு யார் இருக்கப்போகிறார் என்று மனம் சொல்லிக்கொண்டிருந்ததையும் அவர்களே மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். இத்தா முடிந்ததும் அபூபக்ர் (ரழி), உமர் (ரழி) ஆகியோர் பெண் கேட்டும் சம்மதிக்கவில்லை என்று ஸீரா நூல்கள் சொல்கின்றன. பின்னர் நபியவர்களிடமிருந்தே கேட்டு வந்தது. வேறு யாராக இருந்தாலும் மறுபேச்சில்லாமல் தலையாட்டியிருப்பார்கள். உம்மு ஸலமா (ரழி) தம் மனதில் இருந்த மூன்று தயக்கங்களையும் எடுத்துச் சொன்னார்கள். தமக்கு ரோஷ உணர்வு அதிகம், வயதும் ஆகிவிட்டது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். நபியவர்கள் எதையும் தட்டிக்கழிக்காமல் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார்கள். ரோஷத்தை நீக்கும்படி அல்லாஹ்விடம் கேட்பதாகவும், வயது தமக்கும்தான் ஆகிவிட்டது என்றும், அந்தப் பிள்ளைகள் தமது பொறுப்பு என்றும் சொல்லியனுப்பினார்கள். ஹிஜ்ரி 4 ஷவ்வாலில் நிகாஹ் நடந்தது. அப்போது கடைசி மகள் ஸைனப் பால்குடிக் குழந்தை. சஹனில் கை ஓடவிட்ட மகன் உமர் நபியவர்களின் வீட்டுப் பிள்ளையானது இப்படித்தான்.

ஹிஜ்ரி 6 துல்கஃதாவில் நபியவர்கள் சுமார் 1400 தோழர்களுடன் உம்ராவுக்குப் புறப்பட்டார்கள். அந்தப் பிரயாணத்தில் உடன் சென்ற மனைவி உம்மு ஸலமா (ரழி). எல்லோரும் இஹ்ராம் உடுத்தியிருந்தார்கள். குர்பானி ஒட்டகங்களும் கூடப் போயின. ஆறு வருடங்களாகக் கஃபாவைக் காணாத கண்கள். மக்காவைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஹுதைபிய்யாவில் குறைஷிகள் தடுத்து நிறுத்தினார்கள். பேச்சுவார்த்தை ஓர் ஒப்பந்தத்தில் முடிந்தது. பத்து வருடங்களுக்கு யுத்தம் இல்லை என்பது நல்லதுதான். ஆனால் மற்ற நிபந்தனைகள் நெஞ்சைச் சுட்டன. இந்த வருடம் உம்ரா செய்யாமலே திரும்ப வேண்டும். அடுத்த வருடம் வந்து மூன்று நாட்கள் மட்டும் தங்கலாம். மக்காவிலிருந்து ஒருவர் முஸ்லிமாகி மதீனாவுக்கு ஓடிவந்தால் அவரைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மதீனாவிலிருந்து ஒருவர் மக்காவுக்குப் போனால் அவரைத் திருப்பித் தரமாட்டார்கள். ஒப்பந்தம் எழுதிக்கொண்டிருக்கும்போதே, குறைஷித் தூதுவர் ஸுஹைலின் சொந்த மகன் அபூ ஜந்தல் (ரழி) காலில் விலங்கோடு தத்தித் தத்தி வந்து முஸ்லிம்களுக்கு நடுவில் விழுந்தார்கள். அவர்களையும் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. உமர் (ரழி) அவர்களால் பொறுக்க முடியவில்லை. நபியவர்களிடம் போய்க் கேட்டார்கள், பிறகு அபூபக்ர் (ரழி) அவர்களிடமும் போய்க் கேட்டார்கள்.

கையெழுத்து முடிந்ததும் நபியவர்கள் எழுந்து நின்று, குர்பானியை அறுத்துத் தலைமுடியைக் களையும்படி சொன்னார்கள். ஒருவரும் எழும்பவில்லை. இரண்டாவது முறை சொன்னார்கள். மூன்றாவது முறையும் சொன்னார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

இவர்கள் யார்? சில நாட்களுக்கு முன்புதான் ஒரு மரத்தடியில் நபியவர்களின் கையைப் பிடித்து உயிரைக் கொடுப்போம் என்று பைஅத் செய்தவர்கள். நபியவர்கள் வுழூச் செய்த தண்ணீர் கீழே விழ விடாமல் ஏந்திக்கொள்பவர்கள். அப்படிப்பட்ட 1400 பேர் பேச்சில்லாமல் இருந்தார்கள். நபியவர்களின் வாழ்க்கையில் இதற்கு ஒப்பான ஒரு கட்டத்தை நான் படித்ததில்லை.

நபியவர்கள் உம்மு ஸலமா (ரழி) இருந்த கூடாரத்துக்குள் போய், மக்களிடம் கண்டதை மனம்விட்டுச் சொன்னார்கள்.

உம்மு ஸலமா (ரழி) தோழர்களைக் குறைசொல்லித் தொடங்கவில்லை, ஒப்பந்தத்தைப் பற்றித் தமது அபிப்பிராயத்தையும் சொல்லவில்லை. முதலில் ஒரு கேள்வி: இது நடக்க வேண்டும் என்று தாங்கள் விரும்புகிறீர்களா? அதன்பின் யோசனை. வெளியே போங்கள், ஒருவரிடமும் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள், உங்கள் ஒட்டகத்தை அறுங்கள், முடி களைபவரைக் கூப்பிட்டு உங்கள் தலைமுடியைக் களையச் செய்யுங்கள். அவ்வளவுதான். நபியவர்கள் வெளியே வந்து அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் தோழர்கள் எழும்பினார்கள், அறுத்தார்கள், ஒருவருக்கொருவர் முடி களைந்தார்கள். துக்கத்தின் வேகத்தில் ஒருவரையொருவர் வெட்டிவிடுவார்களோ என்று பயப்படும் அளவுக்கு இருந்தது என்கிறது புகாரியின் அறிவிப்பு.

அந்த யோசனையில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். தோழர்கள் கீழ்ப்படிய மறுக்கவில்லை. இன்னும் ஒரு நம்பிக்கை அவர்களைப் பிடித்து வைத்திருந்தது. வஹீ வந்து கட்டளை மாறிவிடாதா, எப்படியாவது கஃபாவுக்குப் போகக் கிடைக்காதா என்ற நப்பாசை. நாலாவது முறை சொல்லியிருந்தாலும் அந்த நப்பாசை போயிருக்காது. நபியவர்களே இஹ்ராமிலிருந்து விடுபடுவதைக் கண்ணால் கண்டால் போய்விடும். இனி மாறாது என்று தெரிந்துவிடும். ஹதீஸ் விரிவுரையாளர்களும் இதையொட்டித்தான் விளக்கம் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கூடாரத்துக்குள் இருந்துகொண்டே உம்மு ஸலமா (ரழி) எப்படிக் கண்டுகொண்டார்கள்? அப்தஹ் வெளியில் ஒரு வருடம் உட்கார்ந்து, நம்பிக்கை ஒரு மனிதரை என்ன செய்யும் என்று அறிந்தவர்கள் அல்லவா என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் எண்ணம் மட்டும்தான்.

மதீனாவுக்குத் திரும்பும் வழியிலேயே அந்த ஒப்பந்தத்தைத் தெளிவான வெற்றி என்று அறிவித்து ஸூரத்துல் ஃபத்ஹ் இறங்கியது. இரண்டு வருடங்களில் 10,000 பேருடன் நபியவர்கள் மக்காவுக்குள் போனார்கள்.

பெண்களிடம் ஆலோசனை கேளுங்கள், கேட்டுவிட்டு அதற்கு மாறாகச் செய்யுங்கள் என்று ஒரு பேச்சு ஹதீஸ் என்ற பெயரில் நம்மிடையே உலாவுகிறது. அதற்கு அடிப்படை இல்லை என்று ஹதீஸ்கலை அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். யோசனை சொல்லி அது சரியாக அமைந்த பெண் உம்மு ஸலமாவைத் தவிர வேறு எவரும் இல்லை என்று இமாமுல் ஹரமைன் அவர்களின் பெயரால் ஒரு கருத்துச் சொல்லப்படுகிறது. இமாம் இப்னு ஹஜர் அதைத் தமது ஃபத்ஹுல் பாரியில் எடுத்தெழுதிவிட்டு, மூஸா (அலை) அவர்களைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ளும்படி தகப்பனாருக்கு யோசனை சொன்ன பெண்ணைக் காட்டி அதை மறுத்தவர்களும் உண்டு என்று குறிப்பிடுகிறார்கள். இதை ஆசிரியை வகுப்பில் சொன்னபோது, பின்வரிசையில் இருந்த நாங்கள் கொஞ்சம் சத்தமாகவே சந்தோஷப்பட்டுவிட்டோம்.

எங்கள் வீட்டில் நடந்த சின்னச் சங்கதி ஒன்று. நான் உயர்தரத்துக்கு எந்தப் பிரிவை எடுப்பது என்று வாப்பாவும் மாமாமாரும் ஹோலில் உட்கார்ந்து இரண்டு இரவுகள் பேசினார்கள். உம்மா தேநீர் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். என்னைப் பத்து வருடங்களாகச் சுபஹுக்கு எழுப்பிப் படிக்க வைத்தவர் உம்மாதான். இரண்டாம் நாள் இரவு எல்லோரும் போனபின் வாப்பா குசினிக்கு வந்து, நீங்க என்ன சொல்றீங்க என்று உம்மாவிடம் கேட்டார். பிள்ளை பாடப் புத்தகத்துக்கு அடியில் ஒளித்து வைத்து எதை வாசிக்கிறாள் என்று பார்த்திருக்கிறீர்களா என்று உம்மா திருப்பிக் கேட்டார். அதனால்தான் இன்று நான் கலைப் பிரிவில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

மக்கா வெற்றிக்குப் போகும் வழியில் உம்மு ஸலமா (ரழி) மறுபடியும் வாய் திறந்தார்கள். நபியவர்களைப் பல வருடங்கள் நோகடித்த இரு உறவினர்கள் மன்னிப்புக் கேட்டு வந்து நின்றார்கள். ஒருவர் பெரிய தந்தையின் மகன் அபூ ஸுஃப்யான் இப்னுல் ஹாரிஸ். மற்றவர் அப்துல்லாஹ் இப்னு அபீ உமையா. நபியவர்களின் மாமி மகன், உம்மு ஸலமாவுக்கு வாப்பா வழியில் சகோதரர். இவர்கள் எனக்குத் தேவையில்லை என்று நபியவர்கள் சொல்லிவிட்டார்கள். உங்கள் இரத்த உறவுகள் அல்லவா என்று உம்மு ஸலமா (ரழி) அவர்களுக்காகப் பேசினார்கள். உடனே இணக்கம் கிடைக்கவில்லை. அபூ ஸுஃப்யான் தம் சிறு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, அனுமதி கிடைக்காவிட்டால் பாலைவனத்தில் போய்ப் பட்டினியால் சாவேன் என்றபோது நபியவர்களின் மனம் இளகியது. ஹுனைன் களத்தில் பலர் சிதறி ஓடியபோது நபியவர்களின் பக்கத்தைவிட்டு நகராமல் நின்றவர்களில் அந்த அபூ ஸுஃப்யானும் ஒருவர். அப்துல்லாஹ் அதே வருடம் தாயிஃபில் ஷஹீதானார்கள்.

யோசனை சொல்லும் தகுதி உம்மு ஸலமா (ரழி) அவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்றால், அவர்கள் கேள்வி கேட்கும் பெண்ணாக இருந்தார்கள். அல்குர்ஆனில் ஆண்களைப் பற்றிச் சொல்லப்படுவதுபோல் பெண்களைப் பற்றிச் சொல்லப்படவில்லையே என்று நபியவர்களிடமே கேட்டார்கள். அதையொட்டி, முஸ்லிமான ஆண்களையும் பெண்களையும் ஒவ்வொரு நற்குணத்திலும் சரிசமமாக அடுக்கிச் சொல்லும் அஹ்ஸாப் ஸூராவின் 35ஆம் வசனம் இறங்கியது. இன்னொரு நாள் பணிப்பெண் தலைவாரிக்கொண்டிருந்தபோது, மிம்பரில் நபியவர்கள் மக்களே என்று அழைக்கும் சத்தம் கேட்டது. விலகு, நான் போய்க் கேட்க வேண்டும் என்றார்கள். ஆண்களைத்தானே கூப்பிட்டார்கள், பெண்களை அல்லவே என்றாள் அந்தப் பெண். நானும் மக்களில் ஒருத்திதான் என்று சொல்லிவிட்டு எழும்பிக் காதுகொடுத்தார்கள்.

உமர் (ரழி) அவர்களையே ஒருமுறை வாயடைக்க வைத்திருக்கிறார்கள். நபியவர்களின் மனைவிமாருக்குப் புத்திசொல்ல உமர் (ரழி) கிளம்பி, உறவுக்காரப் பெண் என்ற உரிமையில் உம்மு ஸலமாவிடமும் வந்தார்கள். எல்லா விஷயத்திலும் தலையிட்டு முடித்து, இப்போது நபிக்கும் மனைவிமாருக்கும் நடுவிலும் வந்துவிட்டீர்களா என்று கேட்டார்கள். அந்த வார்த்தை தமது கோபத்தின் வேகத்தை உடைத்துவிட்டதாக உமர் (ரழி) அவர்களே பின்னர் சொல்லியிருக்கிறார்கள்.

நபியவர்களின் வஃபாத்துக்குப் பிறகு அந்த வீட்டு வாசலுக்குக் கேள்விகள் வந்தன. கணவர் மௌத்தாகி 40 நாட்களில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணின் இத்தா எப்போது முடியும் என்று ஒருவர் வந்து கேட்டார். இப்னு அப்பாஸ் (ரழி) ஒரு கருத்தையும், அங்கிருந்த அபூ ஸலமா இப்னு அப்துர் ரஹ்மான் வேறொரு கருத்தையும் சொன்னார்கள். அபூ ஹுரைரா (ரழி) இரண்டாமவரின் பக்கம் சேர்ந்தார்கள். அல்குர்ஆன் விரிவுரையில் இப்னு அப்பாஸுக்கு இணை யார்? ஆனாலும் தம் கருத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. தமது ஊழியர் குறைபை உம்மு ஸலமாவிடம் அனுப்பினார்கள். ஸுபைஆ என்ற பெண்ணுக்கு இதே நிலை வந்தபோது, பிள்ளை பிறந்ததும் நபியவர்கள் மணமுடித்து வைத்தார்கள் என்ற பதில் வந்தது. ஒரு விதவை இன்னும் எத்தனை மாதம் காத்திருப்பது என்பது அந்தப் பதிலில் முடிவாகிவிட்டது.

குறைப் இன்னொரு முறையும் அந்த வீட்டுக்கு வந்தார். அஸருக்குப் பின் இரண்டு ரக்அத் தொழுவதைப் பற்றிய கேள்வி. முதலில் ஆயிஷா (ரழி) அவர்களிடம்தான் அனுப்பப்பட்டார். அவ்வளவு பெரிய அறிவாளியான ஆயிஷா (ரழி), இதை உம்மு ஸலமாவிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உம்மு ஸலமா (ரழி) நடந்ததைச் சொன்னார்கள். நபியவர்கள் தடுத்திருந்த ஒரு நேரத்தில் அவர்களே தொழுவதைக் கண்டபோது தமக்கும் குழப்பமாக இருந்ததாம். வீட்டில் விருந்தாளிப் பெண்கள் இருந்ததால், ஒரு சிறுமியை அனுப்பி நபியவர்களின் பக்கத்தில் நின்று கேட்கச் சொன்னார்களாம். கையால் சைகை காட்டினால் பின்னால் வந்து நில் என்றும் சொல்லிவைத்தார்களாம். சிறுமி சைகை கண்டு பின்வாங்கிக் காத்திருந்தாள். அப்துல் கைஸ் கோத்திரத்தார் வந்ததால் லுஹருக்குப் பின் தொழ முடியாமல் போன இரண்டு ரக்அத்துகள் இவை என்று நபியவர்கள் தொழுது முடித்து விளக்கினார்கள்.

நபியவர்களின் மனைவியரில் கடைசியாக வஃபாத்தானவர்கள் உம்மு ஸலமா (ரழி) அவர்கள்தான். வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அவர்கள் வழியாக வந்த ஹதீஸ்கள் 378 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஜன்னத்துல் பகீஃயில் அடங்கியிருக்கிறார்கள். சாப்பாட்டு ஹதீஸின் மகன் உமர், அலீ (ரழி) அவர்களின் காலத்தில் பஹ்ரைனின் ஆளுநரானார்கள். நிகாஹ் நாட்களில் பால்குடிக் குழந்தையாக இருந்த ஸைனப், மார்க்கச் சட்டத்தில் தமது காலத்து மதீனாப் பெண்களில் முன்னணியில் வைத்துச் சொல்லப்பட்டவர்கள். உம்மாவிடம் வந்ததுபோலவே அவர்களிடமும் கேட்க ஆட்கள் வந்தார்கள்.